காற்றுதான் மேடு: பேலேண்ட்ஸ் சதுப்பில் ஆறு வருட ஓட்டம்

கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் சான் அன்டோனியோ சாலையைப் பிடித்து 101 நெடுஞ்சாலையைத் தாண்டினால், கொஞ்ச தூரத்தில் கட்டடங்கள் தீர்ந்துபோகும். அங்கே ஒரு சின்ன வண்டி நிறுத்துமிடம். இறங்கி நாலு எட்டு வைத்தால் கரை ஆரம்பம். ஒரு பக்கம் சார்ல்ஸ்டன் உப்பங்கழி, மறுபக்கம் பாலோ ஆல்டோ ஊரின் வெள்ளத் தேக்கம், நடுவில் ஏரிக்கரை மாதிரி உயர்த்திப் போட்ட சரளைப் பாதை. பாதையில் எங்கேயும் ஒரு மேடு கிடையாது, ஒரு மரம் கிடையாது. ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் நான் ஓடுவது இங்கேதான்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சதுப்புக்கு பாலோ ஆல்டோ பேலேண்ட்ஸ் என்று பெயர். சுமார் 1,940 ஏக்கர். உள்ளே 15 மைல் அளவுக்குப் பாதைகள் இருக்கின்றன. நான் ஓடுவது அடோபி க்ரீக் சுற்று. வெள்ளத் தேக்கத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தால் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வரும். ஓட்டம் பழக ஆரம்பித்தபோது, "சமநிலம்தானே, முட்டிக்கு நல்லது, அங்கே போ" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். சமநிலத்துக்கும் அதற்கே உரிய கஷ்டங்கள் உண்டு என்பது ஓடி ஓடித்தான் தெரிந்தது. புதிதாக ஓட வருகிறவர்களுக்கு உதவும் என்று, கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதல் பாடம் காற்று. முதன்முதலில் நான் ஓடியது ஒரு ஜூன் மாதச் சாயங்காலம், நாலரை மணி இருக்கும். அன்றைக்கு வடக்கே, பாலோ ஆல்டோ பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுத் தெற்கு நோக்கிக் கரையில் ஓடினேன். கால் தரையில் பாவவில்லை. வழக்கமாக மூச்சு வாங்கும் வேகத்தைத் தாண்டியும் மூச்சு வாங்கவில்லை. நமக்கு ஓட்டம் வந்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம். தென்கோடிக்குப் போய்த் திரும்பினேன். நெஞ்சில் கையை வைத்து யாரோ பின்னால் தள்ளுவதுபோல் காற்று. போகும்போது என்னைத் தூக்கிக்கொண்டு போன அதே காற்றுதான். நாலு கிலோமீட்டரையும் பாதி நடை, பாதி ஓட்டமாகக் கடந்து வந்து சேர்ந்தபோது தண்ணீர் தீர்ந்துவிட்டது.

வசந்த காலத்திலும் கோடையிலும் உள்நாட்டு நிலம் மதியத்துக்குள் சூடேறிவிடும். பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று, விரிகுடா கடலோடு சேரும் கோல்டன் கேட் வாய் வழியாகவும் மலைகளின் தாழ்வான இடங்கள் வழியாகவும் உள்ளே இழுபடும். விரிகுடாவின் நீளத்துக்கு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக அது ஓடும்போது, தடுக்க இங்கே ஒரு புதர்கூட இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆரம்பித்து, பொழுது சாயும் வரைக்கும் வீசும். மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் மேட்டைக் கணக்குப் பண்ணுவதுபோல, இங்கே காற்றைக் கணக்குப் பண்ணவேண்டும். காற்றுதான் இங்கே மேடு.

அதனால்தான் வண்டியை இப்போது தென்கோடியில் நிறுத்துகிறேன். கரை வழியாக வடக்கே போகும்போது உடம்பில் தெம்பு இருக்கும், எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ளலாம். பைக்ஸ்பீ குன்றுப் பக்கம் திரும்பி, நெடுஞ்சாலையை ஒட்டின தார்ப்பாதையில் தெற்கே வரும்போது காற்று முதுகில் இருக்கும். அதாவது சுற்றை இடஞ்சுழியாக ஓடவேண்டும். எதிர்க்காற்றில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்கக் கூடாது. மூச்சின் அளவை வைத்து ஓடவேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு நாற்பது ஐம்பது நொடி கூடினாலும் பரவாயில்லை. வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று முண்டினால் பாதிச் சுற்றிலேயே கால் சோர்ந்துவிடும். முடிந்தால் காலை எட்டு மணிக்குள் ஓடி முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் தேக்கத்து நீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

இரண்டாவது விஷயம் காலைப் பற்றியது. ஓட ஆரம்பித்த எட்டாவது மாதம் எனக்கு இடது குதிகாலுக்கு மேலே, நரம்பு கட்டினதுபோல் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்து எட்டு வைக்க முடியாது. பார்த்துக்கொண்ட பிசியோதெரபிஸ்ட் நான் எங்கே ஓடுகிறேன் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னதும் ஒரு கணக்குப் போட்டார். ஒரு சுற்றுக்கு எனக்கு 65 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 165 எட்டு என்று வைத்தால் 10,000 எட்டுக்கு மேல். மேடு பள்ளம் இருந்தால் ஒரு எட்டு நீளும், ஒரு எட்டு குறுகும், தொடை ஒரு நேரம் உழைக்கும், பின்புறம் ஒரு நேரம் உழைக்கும். இங்கே பத்தாயிரம் எட்டும் ஒரே அச்சு, ஒரே தசை, ஒரே நரம்பு. போதாததற்குக் கரையின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். சைக்கிள்களுக்கு வழி விட்டு நான் எப்போதும் வலது ஓரமாகவே ஓடியிருக்கிறேன். சரிவில் ஒரு கால் தாழ்வாகவும் ஒரு கால் உயரமாகவும் மாதக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும்?

ஆறு வாரம் ஓய்வு. அப்புறம் இந்த மாற்றங்களைச் செய்தேன், இன்றுவரை விடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நிமிடம் நடை. சுற்றின் நடுவில் ஒரு கிலோமீட்டர் கொஞ்சம் வேகமாக, எட்டை நீட்டி ஓடுவது. ஆள் இல்லாத நேரத்தில் பாதையின் நடுவிலேயே ஓடுவது. காற்றில்லாத காலைகளில் சுற்றைத் திருப்பி, வலஞ்சுழியாக ஓடுவது. அப்புறம், வாரத்தில் ஒரு நாள் பைக்ஸ்பீ குன்றில் நாலு முறை ஏறி இறங்குவது. இந்தப் பேலேண்ட்ஸில் மேடு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான், அதுவும் ஊரின் பழைய குப்பைமேடு. 2011இல் குப்பை கொட்டுவதை நிறுத்தி, மண் போட்டு மூடி, புல் வளர்த்து, பூங்காவாக்கி இருக்கிறார்கள். மேலே நின்றால் டம்பார்டன் பாலம் வரைக்கும் தெரியும். வீட்டில் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சியைத் தினமும் செய்கிறேன். அந்த வலி திரும்ப வரவில்லை.

மூன்றாவது, மனசு. கரையில் ஓடும்போது தூரத்தில் ஒரு மின்கம்பி கோபுரம் தெரியும். பத்து நிமிடம் ஓடின பிறகும் அது அதே இடத்தில் அதே அளவில் நிற்கும். வளைவும் மரமும் இருந்தால் கண்ணுக்கு வேலை இருக்கும். இங்கே வரப்போவது எல்லாமே முன்கூட்டித் தெரிந்துவிடுவதால் களைப்பும் முன்கூட்டி வந்துவிடும். பாட்டுக் கேட்டுப் பார்த்தேன், உதவவில்லை. பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்காமல் போனதுதான் மிச்சம். தூரத்தைப் பார்ப்பதை நிறுத்தி, பாதையைத் துண்டு போட்டுக்கொண்ட பிறகுதான் சரியானது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து முதல் பெஞ்சு, பெஞ்சிலிருந்து மதகு, மதகிலிருந்து பைக்ஸ்பீ அடிவாரம். ஒவ்வொரு துண்டிலும் இடது பக்கமும் வலது பக்கமும் பார்க்க ஏதாவது இருக்கும்.

அந்த மதகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1955 டிசம்பரில் இங்கே பெரிய வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு கட்டியதுதான் இந்த வெள்ளத் தேக்கம். மட்டாடேரோ, அடோபி, பாரன் என்று மூன்று ஓடைகளின் நீர் இதில் வந்து விழுகிறது. கடல்நீர் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். விரிகுடாவில் ஓதம் ஏறும்போது மதகுக் கதவுகள் நீரின் அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும். கடல்நீர் உள்ளே வர முடியாது, ஓடைநீர் தேக்கத்திலேயே தங்கும். ஓதம் வற்றும்போது கதவு திறந்து உள்நீர் வெளியே போகும். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் மதகின்மேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். வலது பக்கம் விரிகுடா நீர் கரையின் தோள் வரை ததும்பும். இடது பக்கம் தேக்கத்தின் நீர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடக்கும். நடுவில் நாம் நிற்கும் மண்கரை மட்டும்தான். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகள் எதை நம்பி இருக்கின்றன என்பது அப்போது புரியும்.

இப்போது ஓதத்துக்கு வருகிறேன். இங்கே ஓடுகிற பலர் ஓத அட்டவணையைப் பார்ப்பதே இல்லை, கரைதான் உயரமாக இருக்கிறதே என்று. பார்த்துவிட்டு ஓடுங்கள். நல்ல வற்றத்தில் சேறு திறந்து கிடக்கும், முட்டை அழுகின மாதிரி ஒரு கந்தக வாடை வரும். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை அது. சதுப்பு நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், சாக்கடை என்று முகம் சுளிக்க வேண்டாம். வற்றத்தில் உள்ளான்கள் எல்லாம் தூரத்துச் சேற்றில் மேயும். ஏற்றத்தில் அவை ஒதுங்க இடம் தேடிக் கரைக்குப் பக்கத்தில் வந்து நெருக்கியடித்து நிற்கும். கோணமூக்கு உள்ளான், நெடுங்கால் உள்ளான் எல்லாம் பத்தடி தூரத்தில் நிற்கும். குளிர்காலத்தில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை வளைப்பதைப் பார்க்கலாம்.

அட்டவணை பார்க்கும்போது ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். கோல்டன் கேட்டுக்குப் போடுகிற நேரத்தை இங்கே அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. ஓதம் விரிகுடாவின் தென்முனைக்கு வந்துசேரச் சுமார் ஒரு மணி நேரம் தாமதமாகும். தென்பகுதி குறுகி ஆழம் குறைந்து போவதால், ஏற்ற வற்ற வித்தியாசமும் அங்கே இருப்பதைவிட இங்கே அதிகம். அட்டவணையில் பாலோ ஆல்டோ என்றே தனியாகத் தேடி எடுங்கள்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் ராஜ ஓதம் வரும். பூமி சூரியனுக்குக் கிட்டே இருக்கும் காலம் அது. சந்திரனும் கிட்டே வந்து சேரும்போது கடல் வருடத்திலேயே மிக உயரமாக ஏறும். சதுப்புச் செடிகள் முழுக்க மூழ்கிப்போகும். நான் செய்த ஒரு தப்பு அந்த நாட்களில்தான்.

மூன்று வருடம் முன்பு, ஒரு டிசம்பர் காலை. தண்ணீர் கரை விளிம்புவரை நிற்பதை ரசித்துக்கொண்டே ஓடினேன். விளிம்பில் ஒரு புதர் மட்டும் நீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது. என் காலடிச் சத்தத்தில் அதற்குள்ளிருந்து கோழி அளவில் ஒரு பழுப்புப் பறவை எழும்பி, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, திறந்த நீருக்கு மேலே தடுமாறிப் பறந்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, தாழப் பறந்து ஒரு பூனைப்பருந்து அதன் பின்னாலேயே போனது. அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தாமல் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து படம் தேடிப் பார்த்தபோதுதான் அது ரிட்ஜ்வே ரெயில் என்று தெரிந்தது. நம் ஊர்க் கானாங்கோழிக்கு உறவு. இந்த விரிகுடாவைச் சேர்ந்த இனம் 1970 முதல் அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. பறப்பதைவிடச் செடிகளுக்குள் நடந்து ஒளிவதே அதற்குப் பழக்கம். ஒளிய இருந்த கடைசிப் புதரிலிருந்து அதைக் கிளப்பிவிட்டது நான்.

அடுத்த வருடம் ராஜ ஓதத்தின்போது பாலோ ஆல்டோ பக்கம், லூசி எவன்ஸ் இயற்கை மையத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். நீளமான கேமராக்களோடு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒரு பெரியவர் பேசாமல் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். நின்றுவிட்டேன். ஐந்தடி தூரத்தில், நீரில் பாதி மூழ்கின புதர்மேல் அதே பறவை. நீண்ட அலகு, நெஞ்சு செம்பழுப்பு, விலாவில் வெள்ளைக் கோடுகள். ஒரு காலை மடக்கி உடம்பை ஒடுக்கி உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே பூனைப்பருந்து இரண்டு தடவை வந்து போனது. பறவை கண்ணை மட்டும் உருட்டியது, இறகு ஒன்றைக்கூட அசைக்கவில்லை. வியர்வை ஆறி எனக்கு நடுக்கமே வந்துவிட்டது, இருந்தாலும் நகரவில்லை. இருபது நிமிடத்தில் நீர் ஒரு விரற்கடை இறங்கி, உமரிச்செடிகளின் நுனி தெரிய ஆரம்பித்தது. பறவை மெதுவாக இறங்கி உள்ளே நடந்து மறைந்தது.

அதிலிருந்து, ராஜ ஓத நாட்களில் ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் நான் கரையில் ஓடுவதில்லை. நெடுஞ்சாலைப் பக்கத்துத் தார்ப்பாதையில் ஓடுவேன், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் கரையில் நடந்து பார்ப்பேன். இதே சதுப்பில் உமரிக்குள் வாழும் ஒரு சுண்டெலியும் இருக்கிறது, பத்து கிராம் எடைதான் இருக்கும். அதுவும் 1970இலிருந்து அதே பட்டியலில் இருக்கிறது. ஓதம் ஏறும்போது அதற்கும் போக வேறு இடம் கிடையாது.

உமரி என்று சொன்னேன். என் ஊர் வேதாரண்யம் பக்கம். அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு அக்டோபர் மாதம் கரையில் நடக்கக் கூட்டிப் போனேன். சதுப்பு முழுக்கச் சிவந்து கிடந்தது. அம்மா குனிந்து, கீழே உதிர்ந்து கிடந்த ஒரு கணுவை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உமரிதான்டி. நம்ம ஊர்லகூட இப்படித்தான் செவக்கும்."

"அதே குடும்பம்தான்மா."

"அப்போ இங்கயும் அளம் இருந்திருக்கணுமே?"

இருந்தது. இந்தச் செடி வேரில் ஏறும் உப்பை நுனிக் கணுக்களில் சேர்த்து வைக்கும். இலையுதிர் காலத்தில் அந்தக் கணுக்கள் சிவந்து உதிரும், உப்பும் அதோடு போய்விடும். உமரி இருக்கும் இடத்தில் உப்பளம் இருக்கும் என்பது அம்மாவுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தென்விரிகுடாவில் 1850களிலிருந்து உப்பு எடுத்திருக்கிறார்கள். சதுப்பை வரப்புப் போட்டுப் பாத்தி கட்டினார்கள். நாங்கள் ஓடுகிற கரைகள் பலவும் ஒரு காலத்தில் பாத்தி வரப்புகள்தான். 2003இல் கார்கில் நிறுவனத்திடமிருந்து 15,100 ஏக்கர் உப்பளத்தை அரசு வாங்கியது. அதிலிருந்து ஒவ்வொரு கரையாக உடைத்து, ஓதத்தை உள்ளே விட்டு, சதுப்பைத் திரும்ப வளர்த்து வருகிறார்கள். அதனால் தெற்கே ஆல்விசோ பக்கம் ஓடப் போகிறவர்கள், போன வருடத்து வரைபடத்தை நம்பாமல் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும். இங்கே மதகுப் பக்கமும் வேலை நடக்கும் மாதங்களில் பாதையை மூடிவிடுவார்கள். கூட ஓடும் மதுரை அக்கா ஒருமுறை ஐந்து கிலோமீட்டர் போய் வேலியைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பி வந்தார்.

பேலேண்ட்ஸ் பக்கம் உப்பளத்தைவிடக் கட்டடங்களின் ஆபத்துதான் அதிகமாக இருந்தது. 1960களில் இந்தச் சதுப்பைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பும் பேச்சு வந்தபோது லூசி எவன்ஸும் ஹாரியட் மண்டியும் விடாமல் எதிர்த்தார்கள். இயற்கை மையத்துக்கு ஒருவர் பெயர், பக்கத்துச் சதுப்புக்கு இன்னொருவர் பெயர். மையத்தின் இறவாணத்தில் வசந்தத்தில் தகைவிலான்கள் மண் உருட்டி வரிசையாகக் கூடு கட்டும். பக்கத்தில் படகுத்துறை ஒன்று இருந்தது. வண்டல் ஓயாமல் சேர்ந்துகொண்டே இருந்ததால் 1986இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தைச் சதுப்பு தானே திரும்ப எடுத்துக்கொண்டது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். தண்ணீர் இயற்கை மையத்திலும் ஷோர்லைன் ஏரிப் பக்கமும்தான் கிடைக்கும். கரையில் கிடையாது, நிழலும் கிடையாது. அரை லிட்டராவது கையில் இருக்கட்டும். தொப்பிக்குத் தாடைக் கயிறு இல்லையென்றால் அது கழிக்குள் போய்விடும். கரையோரப் புல்லில் தரை அணில்கள் வளை தோண்டி வைத்திருக்கும், கால் ஒன்று முழுசாக உள்ளே போகும் அளவுக்கு. சைக்கிளுக்கு ஒதுங்கும்போது புல்லில் காலை வைக்காமல் சரளையிலேயே நின்றுவிடுங்கள். வசந்தத்தில் சின்னக் கொசு மாதிரிப் பூச்சிகள் தூண் தூணாக நிற்கும். கடிக்காது, ஆனால் வாயிலும் கண்ணிலும் போகும். அந்த மாதங்களில் கண்ணாடி போட்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, மூக்கால் மூச்சு விட்டுக் கடக்கவேண்டும்.

மழைக்குப் பிறகுதான் ரொம்பக் கவனம் வேண்டும். சரளை மெலிந்த இடங்களில் கீழே இருப்பது சுத்தமான களிமண். அடோபி என்ற பெயரே பச்சைச் செங்கல்லையும் அதைச் செய்கிற களிமண்ணையும் குறிப்பது. நனைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் அடியில் ஒரு படலம் ஏறும். ஐம்பது எட்டில் காலணி இரண்டு மடங்கு கனக்கும், அடிப்பக்கம் வரிப்பள்ளம் எல்லாம் நிறைந்து வழுக்கும். நாம் பதித்துவிட்டு வரும் கால்தடம் காய்ந்து, அடுத்த மழைவரை கல் மாதிரிக் கரடாக நிற்கும், மற்றவர்கள் கணுக்கால் பிசகும். நல்ல மழை பெய்தால் இரண்டு வெயில் நாள் விடுங்கள். அதுவரை நெடுஞ்சாலைப் பக்கத் தார்ப்பாதை போதும். மீறி மாட்டிக்கொண்டால், ஈரத்தோடு கழுவாமல் காலணியை வெயிலில் காய விட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தட்டுங்கள், பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

இந்த டிசம்பருக்கான ராஜ ஓத நாட்களைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஓட்டம் இல்லை. மதுரை அக்காவும் நானும் பைனாகுலரும் பிளாஸ்கில் காபியும் எடுத்துக்கொண்டு, ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் அந்தப் புதருக்கு எதிரே நிற்பதாக இருக்கிறோம்.